கிளச் இல்லாமல் காஞ்சிபுரம்

1. கேபிளில் புகை

ஸ்டார்டர் பட்டனை அழுத்தினேன். என்ஜின் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. மறுபடி அழுத்தினேன். இந்த முறை புகை வந்தது. எட்டிப் பார்த்தால் ஆக்ஸிலேட்டர் கேபிளின் மேலுறை உருகி வழிகிறது. உள்ளே இருக்கும் கம்பி உலையில் வைத்த மாதிரி சிவந்திருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி கார்புரேட்டர். அதற்குள் முழுக்கப் பெட்ரோல்.

நான் அதுவரை டிராக்டரும் லாரியும் பார்த்தவன். ஸ்டார்டரை அழுத்தினால் ஸ்டார்டருக்குப் போகிற ஒயர் சூடாகலாம். ஆக்ஸிலேட்டர் கேபிளில் கரண்டுக்கு என்ன வேலை? எனக்குக் கை ஓடவில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, பேட்டரி டெர்மினலை ஒரே திருகில் பிடுங்கி எறிந்தார்.

"எர்த் ஸ்ட்ராப்ப யாரோ கழட்டி வச்சிருக்காங்க. லாரியில ஏத்தறப்ப பண்ணியிருப்பாங்க. உங்க கையில ஒண்ணும் படலியே?" என்று கேட்டார்.

அவர் வசந்தா. சாலவாக்கத்தில் ரைஸ் மில் வைத்திருந்த கோதண்டம் முதலாளியின் ஒரே மகள். எழுபதுகளின் பிற்பகுதி அது. நான் அந்த மில்லின் மெக்கானிக். பெயர் சாமுவேல், ஊரில் எல்லோருக்கும் சாமேலு. மில் என்ஜின், டிராக்டர், நெல் ஏற்றும் லாரி, கழனியில் இருக்கும் பம்புசெட்டுகள் எல்லாம் என் பொறுப்பு. மில்லில் என்னிடம் 'உங்க' என்று பேசிய முதல் ஆள் அவர்தான்.

நீலகிரியில் டீ எஸ்டேட்டில் வேலை பார்த்த அவருடைய கணவர் காய்ச்சலில் இறந்துபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா வீட்டுக்குத் திரும்பியவர் இரண்டு டிரங்குப் பெட்டியோடு இந்தக் காரையும் கூடவே கொண்டுவந்தார். கம்பெனியில் செய்து விற்ற கார் அல்ல அது. இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை எஸ்டேட் துரை ஒருவர் கோர்த்துக் கட்டியது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு; அதன்மேல் பச்சை நிறத்தில் பைபர் பாடி. இரண்டே சீட். மேலே கூரை கிடையாது. கதவு முழங்கால் உயரம். துரை ஊருக்குப் போகும்போது வசந்தாவின் கணவர் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே அதில் கை வைத்துப் பழகியவர்கள்.

லாரியிலிருந்து இறக்கும்போதே எனக்கு ஆச்சரியம். மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் அதன் பின்பக்கத்தை அப்படியே தூக்கி மேடையில் நகர்த்தி வைத்தார்கள். "இன்னா சாமேலு, உள்ள ஒண்ணுமே இல்லியா?" என்று ஒருத்தர் கேட்டார்.

புகை அடங்கியதும் வசந்தாவும் நானும் கீழே படுத்துப் பார்த்தோம். என்ஜின் ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. பேட்டரியிலிருந்து ஸ்டார்டருக்குப் போன கரண்ட் திரும்பி வர ஒரு வழி வேண்டும். என்ஜினையும் சேசிஸையும் இணைக்கிற செம்புப் பட்டைதான் அந்த வழி. பட்டை இல்லை. ரப்பர் கரண்டை விடாது. அதனால் அது கிடைத்த ஒரே உலோகமான ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்துவிட்டது. மில்லின் வெல்டிங் மெஷினுடைய பழைய கேபிளை வெட்டி ஸ்ட்ராப் செய்தேன். மோட்டார் சைக்கிள் கிளச் ஒயரை ஆக்ஸிலேட்டருக்குப் போட்டேன். பட்டனை அழுத்தினோம். அந்தச் சின்ன என்ஜின் போட்ட சத்தத்தில் மில்லுக்குள் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஹாரன் அடித்தால் பின்விளக்கு எரிந்தது. பிரேக் மிதித்தால் வைப்பர் ஆடியது. லாரியில் எந்த விளக்கையும் பாடியில் முடுக்கிவிட்டால் பாடியே எர்த். இந்த பாடியோ பைபர்; கரண்டை விடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக எர்த் ஒயர் இழுத்தால்தான் உண்டு. இழுத்தோம். கடைசியில் ஹாரன் அடித்தபோது ஹாரன் மட்டும் அடித்தது. அதற்கே இரண்டு பேரும் கைதட்டினோம்.

2. ஏரிக்கரையில் மூக்கு தூக்கி

முதல் ஓட்டத்திலேயே கார் கொதித்தது. மில்லிலிருந்து உத்திரமேரூர் போகும் பாதியில் டெம்பரேச்சர் முள் சிவப்பில் முட்டிக்கொண்டு நின்றது. ரேடியேட்டரைத் தொட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கிறது. என்ஜினிலோ கை வைக்க முடியவில்லை.

வசந்தா சொன்னார்: "மலையில இந்த பேஜார் இல்ல சாமேலு. அங்க குளிரு."

என்ஜின் சூடு, ரேடியேட்டர் ஜில். அப்படியென்றால் தண்ணீர் சுற்றவில்லை. பம்புசெட்டில் காற்று பிடித்துக்கொண்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. இதுவும் அந்தக் கதையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மூக்கு தாழ்வான கார் என்பதால் ரேடியேட்டரை என்ஜினைவிடக் கீழே வைத்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் வாய் கீழே, காற்று தங்கும் இடம் மேலே. என்ன ஊற்றினாலும் காற்று வெளியேறாது.

"மூக்கைத் தூக்கி நிறுத்தினா காத்து வாய்க்கு வந்துடும் சின்னம்மா" என்றேன்.

எங்கள் பக்கம் எல்லாம் தட்டை நிலம். மேடு என்றால் ஏரிக்கரை ஒன்றுதான். கரைக்கு ஏறும் மாட்டுவண்டிப் பாதையில் மூக்கு மேலே போகிற மாதிரி காரை நிறுத்தினோம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். குடுகுடுவென்று குமிழி வந்துகொண்டே இருந்தது. குமிழி நின்றதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார் வசந்தா. "சுடுது" என்றார், யாரோ பிழைத்துக்கொண்ட மாதிரி. அப்புறம் வெயிலில் எவ்வளவு ஓட்டினாலும் முள் நடுவிலேயே நின்றது.

கார்புரேட்டர் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது குறைவு. அந்த என்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்றால் என்ஜின் நொண்டும். வசந்தா ஒரு முழம் ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையை முதலில் இந்தக் கார்புரேட்டரின் வாயில், பிறகு அந்தக் கார்புரேட்டரின் வாயில் பிடித்தார். காற்று போகும் 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். மூட்டைத் தூக்கிகள் டாக்டரம்மா, டாக்டரம்மா என்று சிரித்தார்கள். அவர் கவனிக்கவே இல்லை. டியூபை என்னிடம் கொடுத்து, "நீங்க கேளுங்க. பின்னால இருக்கறது கொஞ்சம் கம்மியா இழுக்குதா?" என்றார். கேட்டேன். கம்மியாகத்தான் இழுத்தது. அன்றிலிருந்து என் டூல்ஸ் பெட்டியில் ரப்பர் டியூப் இல்லாத நாள் இல்லை.

3. முதலாளி உட்கார்ந்து பார்த்தார்

மெட்ராஸ் மோட்டார் கிளப் ஒன்று எங்கள் பக்கமாக ஒரு கார் ரேலி நடத்தப்போகிறது என்ற செய்தி வந்தது. செங்கல்பட்டில் கிளம்பி, மதுராந்தகம், உத்திரமேரூர், சாலவாக்கம் வழியாகப் பாலாற்று மணலைத் தாண்டி, பழையசீவரம், வாலாஜாபாத், ராஜகுளம் போய் காஞ்சிபுரத்தில் முடியும். வசந்தா பேர் கொடுத்துவிட்டு வந்துதான் அப்பாவிடம் சொன்னார்.

முதலாளி அப்போதே காரை விற்க மெட்ராஸ்காரர் ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாண மண்டபத்தின் வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தக் கேட்டவர் அவர்.

"ஒருவாட்டி ஓட்டிட்டு வித்துக்கோங்க நைனா. முடிக்கலன்னா நானே சாவிய குடுத்துடறேன்" என்றார் வசந்தா.

"முடிச்சிட்டா?"

"முடிச்சா அப்புறம் பேசலாம்."

முதலாளி அதற்கு ஒத்துக்கொண்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. காரில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது ரேலி விதி. வழியில் ரிப்பேர் என்றால் அந்த இரண்டு பேர்தான் கை வைக்கலாம். வெளியாள் காரைத் தொட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

"சாமேலு வரட்டும் நைனா. வேற யாருக்கு இந்த வண்டி தெரியும்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்த இடத்திலேயே வைத்துச் சொன்னார்: "வேலைக்காரன் நல்லவன்தான், நான் இல்லேங்கல. ஆனா கட்டனவன் போயி வருசம் திரும்பல. நீ கூரை இல்லாத வண்டியில காலனி ஆளை பக்கத்துல குந்த வச்சிக்கினு பத்து ஊரு சுத்தினா, இந்த ஊரு இன்னா பேசும்?"

எனக்கு முகம் சுட்டது. அவர் எடுத்தெறிந்து பேசவில்லை, சத்தமும் போடவில்லை. உள்ளதைச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

வசந்தா கேட்டார்: "அப்ப யாரு குந்தறது?"

"நானே குந்தறேன்" என்றார் முதலாளி.

அவர் நல்ல ஆகிருதி. மில் தராசில் ஏறி நின்று பார்த்துச் சிரித்துக்கொள்வார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலாக உள்ளே விட்டு உட்கார்ந்தார். கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. வசந்தா மெதுவாக ஓட்டினார். மில் வாசலில் இருந்த வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே அடிச்சேசிஸ் கல்லில் உராய்ந்து ஒரு சத்தம் வந்தது. அடுத்த பள்ளத்தில் டயர் பாடியில் தேய்ந்து ரப்பர் கருகும் வாசனை. இன்னும் கொஞ்சம் போனதும் கார் ஒரு மேட்டின்மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்துகொண்டது. பின்சக்கரம் சும்மா சுற்றியது.

முதலாளி இறங்கினார். அவர் இறங்கியதும் கார் தானாக ஒரு பிடி உயர்ந்தது. அவர் காரைப் பார்த்தார், கீழே உராய்ந்த தடத்தைப் பார்த்தார், தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

"சாமேலு, நீ குந்து" என்றார்.

அந்தக் காரில் நான் குனிந்தும் படுத்தும் வேலை பார்த்திருக்கிறேனே தவிர, அந்தச் சீட்டில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். வசந்தா அதே மேட்டில் ஓட்டினார். முதலாளி குனிந்து அடியில் பார்த்துக்கொண்டே கூட நடந்தார். எங்கும் இடிக்கவில்லை.

நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் முடிச்சிக்கினு வாங்க. வழியில நின்னுட்டீங்கன்னா மெட்ராஸ்காரன் வண்டிய அங்கியே வரவச்சி ஏத்திடுவேன்" என்றார்.

அன்று வீட்டில் சொன்னபோது என் மனைவி ரெஜினா, "ஊரு பேசறத ஊரு பேசட்டும். வேட்டியோட போவாத, பேன்ட் போட்டுக்கினு போ" என்று மட்டும் சொன்னாள்.

4. பாலாறு

செங்கல்பட்டில் கொடி அசைத்தபோது எங்களுக்கு முன்னால் பெரிய கார்கள், பின்னால் இரண்டு ஜீப்புகள். வசந்தா புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, தலைக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் மடியில் மேப்பை வைத்துக்கொண்டு திருப்பங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். லாரியில் உட்கார்ந்தால் ரோடு எங்கோ கீழே ஓடும். இதில் கையை வெளியே விட்டால் ரோட்டைத் தொடலாம். வளைவுகளில் மற்ற கார்கள் ஆடிச் சாய்ந்து திரும்பின. எங்கள் கார் சாயவே இல்லை. வசந்தா ஸ்டீயரிங்கைத் திருப்புகிற மாதிரியே தெரியவில்லை. பார்த்த இடத்துக்குக் கார் போயிற்று.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை முழுக்க வெளியே நின்றது. யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போன வேகத்தில் எதுவும் காதில் விழவில்லை.

சாலவாக்கம் தாண்டி ஆற்றங்கரைக்கு வந்தோம். அப்போது அங்கே பாலம் கிடையாது. அகலமான வெள்ளை மணல். நடுவில் மாட்டுவண்டித் தடம் ஒன்று. அக்கரையில் பழையசீவரம் மலைக்கோயில் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் போன பெரிய கார்கள் மணலில் அங்கங்கே புதைந்து நின்றன. ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கரையிலேயே இறங்கி, தீக்குச்சியால் வால்வை அழுத்தி நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினேன். டயர் தட்டையாகப் பரவினால் மணலில் அழுந்தாது. கழனி டிராக்டரில் செய்வதுதான்.

"நடுவுல நிறுத்தாதீங்க சின்னம்மா. இன்னா ஆனாலும் போய்க்கினே இருங்க."

அவர் தலையாட்டினார். கார் மணலில் இறங்கியது. முன்னால் போன கார்கள் கிழித்த பள்ளங்களை விட்டு ஒதுங்கி, யாரும் போகாத மேல் மணலில் ஏறினார். கார் மிதந்துகொண்டு போனது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. புதைந்து கிடந்த காரோட்டிகள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டினோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். வசந்தாவும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

அக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஜீப் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றப் போனதில் பின்சக்கரம் ஈர மணலில் இறங்கிவிட்டது. குதித்தேன். மில்லிலிருந்து கொண்டுவந்த சாக்குகளைச் சக்கரத்தின் கீழே திணித்தேன். ஆற்றில் வெள்ளரி போட்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

"தொடாதீங்க, தொடாதீங்க. தொட்டா அவுட்" என்று கத்தினேன்.

"நாங்க தூக்கி வுடறோம்னா வாணாங்கறானே, இவனுக்கு இன்னா பைத்தியமா?" என்று ஒரு அம்மாள் சொன்னது கேட்டது. கரையில் கிளப் ஆள் ஒருவர் கொடியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கத்தை நானே தூக்கி மேல் மணலுக்கு நகர்த்தினேன். வேறு எந்தக் காரிலும் ஒரு ஆளால் அது ஆகாது. வசந்தா கிளச்சை விட்டும் மிதித்தும், விட்டும் மிதித்தும் சாக்கின்மேல் காரை ஏற்றினார். இரண்டு முறை என்ஜின் நின்று ஸ்டார்டர் அடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை கார் எழும்பிக் கரையேறியது. வெள்ளரிக்காரர்கள் போட்ட சத்தம் மலைக்கோயிலில் கேட்டிருக்கும். கைப் பம்பால் காற்றடித்துக்கொண்டு கிளம்பினோம்.

5. ராஜகுளம்

வாலாஜாபாத் தாண்டியதும் வசந்தா, "சாமேலு, கிளச் பெடல் கீழ போயிடுச்சு. திரும்ப வரல" என்றார்.

ஓரம் நிறுத்தி அடியில் படுத்தேன். கிளச்சைத் தள்ளுகிற சிலிண்டரைச் சுற்றி எண்ணெய் நனைந்திருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. டப்பாவில் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றிப் பார்த்தேன். ஊற்றியது ஊற்றியபடி ரோட்டில் ஒழுகியது. மாற்ற வாஷர் இல்லை.

"கிளச் இல்லாம ஓட்டிடுவேன். என்ஜின் வேகமும் கியர் வேகமும் ஒத்துப்போற எடத்துல தள்ளினா கியர் விழும். கெளப்பறதுதான் கஷ்டம்" என்றார்.

கியரைப் போட்டுக்கொண்டு ஸ்டார்டர் அடித்துக் கிளப்பலாம். ஆனால் பேட்டரி ஆற்றிலேயே களைத்துவிட்டது. வேறு ஒரு வழிதான் உண்டு. என்ஜினை ஓடவிட்டு, காரை நியூட்ரலில் நான் தள்ள வேண்டும். உருளும் வேகத்தில் அவர் கியரைப் போடுவார். கியர் விழுந்ததும் கார் போய்விடும், நிறுத்த முடியாது. நான் ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும்.

தள்ளினேன். கியர் விழுந்தது. கதவைத் தாண்டிக் குதித்து உட்கார்ந்தேன். ரெஜினா சொன்னதைக் கேட்டுப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தது நல்லதாயிற்று.

அதற்கப்புறம் அவர் ஓட்டியதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கிளச்சில் காலே வைக்காமல், காதால் கேட்டு, என்ஜின் சத்தம் ஒரு சுருதிக்கு இறங்கும்போது கியர் கம்பியை இரண்டு விரலால் நகர்த்துவார். சின்ன உராய்வுகூட இல்லாமல் கியர் மாறும். எதிரே மாடு வந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நிறுத்தாமல் ஒதுங்கிப் போவார். காஞ்சிபுரம் போகும்வரை நிறுத்த வேண்டியிருக்காது என்றே நம்பினேன்.

ராஜகுளத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு வைக்கோல் வண்டி நின்றது. ஒரு சக்கரம் பள்ளத்தில். வேறு வழியில்லை, நிறுத்தினோம். வண்டிக்காரர் மாட்டை அதட்டி, நுகத்தடியில் தோள் கொடுத்து வண்டியை விலக்கும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு நிமிடமும் எங்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் கிளப் ஜீப் வந்து நின்றது. கூட்டம் சேர்ந்துவிட்டது.

வழி கிடைத்ததும் குதித்துத் தள்ளினேன். அங்கே ரோடு லேசாக மேடு. செருப்பு வழுக்கியது. பழக்கதோஷத்தில் நாலு பேர் கை கொடுக்க வந்தார்கள். "வாணாம்பா, யாரும் கை வைக்காதீங்க" என்று கெஞ்சினேன்.

"இன்னும் கொஞ்சம் சாமேலு. இன்னும் கொஞ்சம்."

நெஞ்சு வெடிக்கிற மாதிரி தள்ளினேன். கியர் விழுந்தது. கார் முன்னால் பாய்ந்தது. நான் முழங்கால் தேய ரோட்டில் விழுந்தேன்.

எழுந்து பார்த்தால் கார் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் காரில் இல்லாமல் காஞ்சிபுரத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டினால் செல்லாது. வசந்தா முதல் கியரில் எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போனார். இன்னும் குறைத்தால் என்ஜின் நின்றுவிடும். ஆனால் ஆற்றில் தூக்கியதிலும் இங்கே தள்ளியதிலும் எனக்கு ஓடுவதற்கு மூச்சே மிச்சமில்லை. தூரம் அதிகமாகிக்கொண்டே போனது.

பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்தது. லுங்கி கட்டிய ஒரு ஆள்.

"இன்னா அண்ணாத்தே, உன்ன வுட்டுட்டு போய்க்கினு கீது?"

"கிளச் இல்ல. நிக்காது. புடிக்கணும்."

"குந்து" என்றார். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை.

கேரியரில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து நின்று மிதித்தார். சைக்கிள் காருக்குப் பக்கத்தில் போனது. "காரை மட்டும் தொட்டுடாதீங்க" என்றேன். "தொடல, நீ எகிறு" என்றார். கேரியரிலிருந்து எகிறினேன். தலைகீழாகச் சீட்டில் விழுந்தேன். தலை கீழே பெடல் பக்கம், கால் இரண்டும் வானத்தில்.

"காலை உள்ள எடுங்க, ரெண்டாவது கியர் போடணும்" என்றார் வசந்தா.

6. லாரி முன்னால், கார் பின்னால்

காஞ்சிபுரத்தில் கோட்டைத் தாண்டியதும் வசந்தா நியூட்ரலுக்குத் தள்ளி என்ஜினை அணைத்தார்.

ஜீப்பில் வந்த கிளப்காரர் சைக்கிள் விஷயத்தைக் கிளப்பினார். கிளப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் கேட்டார்: "சைக்கிள் காரைத் தொட்டுச்சா?"

"தொடல" என்றார் ஜீப்காரர், நேர்மையாக.

"அப்ப என்ன, ஆளு எப்படி வந்தா நமக்கென்ன" என்று முடித்துவிட்டார்கள்.

எங்கள் பிரிவில் கிளம்பிய கார்களில் பாதி இன்னும் ஆற்றில் இருந்தன. முதல் பரிசு எங்களுக்கு என்று மைக்கில் சொன்னார்கள். டிரைவர் வசந்தா, நேவிகேட்டர் சாமுவேல். அந்தப் பெயரை மைக்கில் கேட்டு நான் யாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

முதலாளி மில் லாரியோடு அங்கே நின்றிருந்தார். கார் நின்றுவிட்டால் ஏற்றிப் போகத்தான் லாரி. அவர் காரைச் சுற்றி வந்தார். மகளுடைய ஹெல்மெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். என் முழங்காலில் ரத்தம் இருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு சோடா வாங்கி வரச் சொல்லி, அதைத் தானே உடைத்து என்னிடம் கொடுத்தார்.

"லாரியில ஏத்திடலாமாம்மா?"

"வாணாம் நைனா. ஓட்டிக்கினே வரேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "கிளச் இல்லாம வூடு போய்ச் சேருமா சாமேலு?"

"நிக்காம போனா சேரும் மொதலாளி."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் முன்னால லாரியில போறேன். வழி எடுத்து குடுக்கறேன். நீங்க நிக்காம வாங்க." லாரியில் ஏறும்போது டிரைவரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "அந்த மெட்ராஸ்காரனுக்கு ஆளனுப்பணும். வேற காரு பாத்துக்க சொல்லிடலாம்."

திரும்பும்போது மணலில் இறங்காமல், காஞ்சிபுரத்துப் பக்கம் இருந்த பாலத்து வழியாக ஆற்றைத் தாண்டி உத்திரமேரூர் ரோட்டில் வந்தோம். முன்னால் லாரி, ஹாரனில் இருந்து கை எடுக்காமல். பின்னால் நாங்கள். பொழுது சாய்கிற நேரம். உத்திரமேரூர் கடைத்தெருவில் கூட்டம் நெருக்கியடித்தது. முதலாளி லாரி ஜன்னலில் இடுப்புவரை வெளியே வந்து, துண்டை வீசிக்கொண்டே கத்தினார்: "நவுரு, நவுரு. எம்பொண்ணு வர்றா. அவளால நிக்க முடியாது, நவுருங்க." தெரு இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் நடுவில் போனோம்.

மறுநாள் வசந்தாவும் நானும் அந்தச் சிலிண்டரைப் பிரித்தோம். ரப்பர் வாஷர் பார்வைக்குப் புதிது மாதிரி இருந்தது. விரலால் மடித்தேன், வெடித்தது. கார் அதிகம் ஓடித் தேய்ந்த ரப்பர் அல்ல அது. அவர் கணவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஷெட்டில் சும்மா நின்றதில் இறுகிப்போன ரப்பர்.

அதற்கப்புறம் வசந்தா அந்தக் காரைப் பல வருடம் ஓட்டினார். மில் லாரிகளின் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. எனக்கு மெட்ராஸிலிருந்தெல்லாம் இந்த மாதிரி கார்கள் வர ஆரம்பித்து, உத்திரமேரூரில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். வருகிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரி சொல்வார்கள்: "ரொம்பப் பத்திரமா வச்சிருக்கேன், வெளியவே எடுக்கறதில்ல." அப்படிச் சொன்னால் நான் முதலில் எல்லா ரப்பரையும் பிரித்துவிடுவேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓடிக் கெட்ட வண்டியைவிட நின்று கெட்ட வண்டிதான் என் பட்டறைக்கு அதிகம் வந்தது. சரி பண்ணியதும் துணி போட்டு மூடி வைக்காதீர்கள். சாவியை ஓட்டுகிறவர் கையில் கொடுங்கள்.